ஏற்காடு எஸ்டேட் வீட்டுல தனியா விட்டா தம்பிக்கு நல்லதா?

அம்மாபேட்டை அக்கா:
தம்பிக்கு 27 வயசு. மனச்சிதைவு நோய்னு சொல்லி மாத்திரை ஓடுது. காதுல குரல் கேக்கறது அடங்கிடுச்சு. ஆனா யாராவது கிட்ட வந்தா பின்னால நகர்றான். முதுகுக்குப் பின்னாடி ஆள் போனா திடுக்குனு திரும்பறான். பெரியம்மா தோள்ல கை வச்சதும் தட்டி விட்டுட்டான், அவங்களுக்கு ஒரே வருத்தம். "நான் நினைக்கறது அவங்களுக்குத் தெரிஞ்சுடுது"ங்கறான். எங்களது தறி வீடு, இடம் நெருக்கடி. ஏற்காட்டுல எஸ்டேட் வீடு ஒண்ணு சும்மா இருக்கு, மூணு மாசம் அங்க விடுங்க, ஆள் தொந்தரவே இருக்காதுங்கறார் மாமா. விடலாமா?

வார்டு நோட்டு:
தனியா விட வேண்டாம்ங்க. விலகி நிக்கறதைத் திமிருன்னோ வெறுப்புன்னோ எடுத்துக்காதீங்க. இந்த நோயில் "இது என் நினைப்பு, இது என் உடம்பு, அதுக்கு அந்தப் பக்கம் நீ"ங்கற எல்லை தளர்ந்து போகுது. நம்ம கையால நம்மையே கிச்சுகிச்சு மூட்டினா உறைக்காது. கை அசையறதுக்கு முன்னாடியே மூளை அதைக் கணிச்சு, அந்த உணர்வை மட்டுப்படுத்திடும். குரல் கேக்கறவங்க, தன்னை வேற யாரோ இயக்கற மாதிரி உணர்றவங்க சிலருக்கு அந்த மட்டுப்படுத்தல் சரியா நடக்கறதில்லைன்னு 2000-ல வந்த ஒரு ஆய்வு காட்டுச்சு. தன் நினைப்பே வெளியே கசியுதுன்னு தோணுறவருக்கு, கிட்ட வர்ற ஆள் உள்ளேயே நுழையற மாதிரி இருக்கும். அதனால இடைவெளியைக் கூட்டிக்கறார். இந்த நோயுள்ளவங்க மத்தவங்களை விடத் தள்ளி நிக்கறாங்கன்னு 1964-லயே அளந்து பாத்திருக்காங்க.

அந்த இடைவெளி அவர் கையில இருக்கணும். ஆளே இல்லாத இடம் அதுக்கு வழியாகாது. பேச ஆள் இல்லாம மூணு மாசம் போனா முடங்கறது கூடும், மாத்திரை விட்டுப் போறதைக் கவனிக்கவும் ஆள் இருக்காது. க்ளோசபின்ங்கற மாத்திரை இப்பத்தான் ஆரம்பிச்சிருந்தா பேச்சே இல்லை: முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்து வெள்ளணு எண்ணிக்கை பாக்கணும்.

சேர்வராயன் அடிவாரம்:
மாமா சொல்றதுல ஒரு பாதி நியாயம் இருக்கு. நோயாளியைக் குத்திப் பேசற, எல்லாத்துலயும் தலையிடற வீட்டுல, வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல முகத்தோட முகம் இருந்தா நோய் திரும்பறது அதிகம்னு லண்டன்ல 1970-கள்ல பாத்தாங்க. ஆக, தினமும் கொஞ்ச நேரம் பிரிஞ்சிருக்கறது நல்லதுதான். அதுக்கு மலை ஏற வேண்டாம், தறி ஓடாத நேரத்துல ஒரு மூலை போதும். கட்டிலைச் சுவரோரமா போடுங்க, முதுகுக்குச் சுவர், கண்ணுக்குக் கதவு. கதவுக்கும் அவருக்கும் நடுவுல யாரும் நிக்காதீங்க. பின்னாடி போகணும்னா பேர் சொல்லிட்டுப் போங்க. எதிரெதிரா உட்காராம பக்கவாட்டுல கொஞ்சம் கோணலா உட்காருங்க.

எவ்வளவு தூரம்னு தெரியணுமா? அவர் சம்மதிச்சா மட்டும் பாருங்க. மூணு மீட்டர்ல இருந்து மெதுவா நடந்து வாங்க, அவர் "போதும்"னதும் நில்லுங்க. உங்க கால் விரல் நுனியில சாக்பீஸ் கோடு போட்டு, அவர் வரைக்கும் டேப்ல அளங்க. முன்னாடி, பக்கவாட்டு, பின்னாடி தனித்தனியா. அம்மாவுக்கு ஒரு அளவு வரும், வெளியாளுக்கு வேற வரும். "போதும்"க்கு அப்புறம் விளையாட்டுக்குக்கூட ஒரு அடி வைக்கக் கூடாது, நம்பிக்கை அங்கேயே போயிடும். என்னைச் சோதிக்கறாங்கன்னு சந்தேகப்பட்டா அன்னைக்கே விட்டுடுங்க.

அம்மாபேட்டை அக்கா:
சரிங்க. ஆனா சும்மா உட்காரவே மாட்டேங்கறான், நடந்துட்டே இருக்கான். இதுவும் ஆள் கிட்ட வர்ற பயமா?

வார்டு நோட்டு:
மாத்திரையாவும் இருக்கலாம். கால் துறுதுறுன்னு, உட்கார்ந்த அடுத்த நிமிஷம் எழுந்து, நின்ன இடத்துலயே கால் மாத்தி மாத்தி வைக்கறாரா? ஆள் இல்லாதப்பவும் இருக்கா? அது அகத்திசியா, மருந்தோட பக்கவிளைவு. ஆரம்பிச்சதுக்கோ டோஸ் கூட்டினதுக்கோ அப்புறம் வரும். நீங்களா நிறுத்தாதீங்க. டோஸைக் குறைக்கவோ மருந்தை மாத்தவோ புரோப்ரனலால்ங்கற மாத்திரை சேர்க்கவோ டாக்டரால முடியும். எப்ப ஆரம்பிச்சதுன்னு தேதியோட எழுதிட்டுப் போங்க.

இன்னொண்ணு: வழக்கமா விடற இடைவெளி நாலஞ்சு நாள்ல திடீர்னு கூடி, தூக்கமும் குறைஞ்சா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. ராத்திரியில யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலைன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம்.

குகை வாசி:
எஸ்டேட் வேணும்னா ஒரு நாள் கூட்டிட்டுப் போய் வாங்க, ஆனா பஸ் யோசிச்சு. 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் பக்கத்து ஆள் மேல சாய்வார், நடுவுல இறங்கவும் முடியாது. மே மாசமும் ஞாயித்துக்கிழமையும் வேண்டவே வேண்டாம். முதல்ல டவுன் பஸ், புறப்படற இடத்துலயே ஏறி ஜன்னல் சீட், பக்கத்துல நீங்க, ரெண்டு ஸ்டாப்ல இறங்கிடுங்க. அது பழகினதும் தூரத்தைக் கூட்டுங்க.

பெரியம்மாகிட்ட "உங்க மேல கோபமில்ல, தொட்டா அவனுக்குத் தாங்கல"ன்னு நேரா சொல்லிடுங்க. வாசல்ல இருந்தே பேர் சொல்லிக் கூப்பிடட்டும். ஆடியில கோட்டை மாரியம்மன் கோயில் திருநீறு வச்சு விடணும்னா நெத்தியைத் தொட வேண்டாம், தட்டை நீட்டினா அவரே எடுத்து வச்சுக்குவார்.