அலாஸ்கால பழைய மரப்படகுல ஒரு வாரம்: முழங்கால் வலி இருக்குற அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

வடகாத்து:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஜூன்ல நானும் அம்மாவும் தென்கிழக்கு அலாஸ்கா போறதா இருக்கோம், ஜூனோல ஏறி பீட்டர்ஸ்பர்க்ல இறங்குற மாதிரி 7 ராத்திரி. பெரிய க்ரூஸ் கப்பல் வேணவே வேணாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க. போன தடவ அப்படித்தான் ஆயிரக்கணக்குல ஆளுங்களோட போனோம், எங்க பாத்தாலும் வரிசை, கிளேசியரை (பனி ஆறு) மேல் டெக்ல இருந்து கொஞ்ச நேரம் பாத்தோம், அதுக்குள்ள கப்பல் திரும்பிடுச்சு. அம்மாவுக்கு அது இன்னும் மனசுல ஆறல.

இப்ப ஒரு சின்ன மரப்படகு கண்ணுல பட்டிருக்கு. 1920கள்ல சால்மன் டப்பால அடைக்கிற கம்பெனிக்காக கட்டினதாம், மீன் ஏத்தி இறக்குற வேலை, இப்ப உள்ள கேபின் போட்டு 6 பேரை மட்டும் கூட்டிட்டுப் போறாங்க. போட்டோ பாத்ததுமே எனக்குப் புடிச்சுப் போச்சு ஆனா பயமாவும் இருக்கு. நூறு வருஷ மரத்தை நம்பி ஐஸ் மிதக்குற தண்ணில இறங்கலாமா? அம்மாவுக்கு 67 வயசு, வலது முழங்கால் சரியில்ல, சமதரைல நல்லா நடப்பாங்க. வேகம் 7 நாட் தான், மணிக்கு 13 கிலோமீட்டர் கூட தேறாது, அதுல என்னத்த பாக்கப் போறீங்கன்னு தம்பி கேக்குறான். பணமும் கம்மி இல்ல, ஆளுக்குப் பல ஆயிரம் டாலர். போனவங்க யாராவது இருந்தா உண்மைய சொல்லுங்க.

ஈரக்காலணி:

நான் போயிருக்கேன், உங்க படகு இல்ல, அதே ஜாதிப் படகு. தம்பிகிட்ட சொல்லுங்க, அந்த ஊர்ல வேகமா போறவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. கரையோரமா போறப்ப காட்டுல இருந்து ஒரு கரடி இறங்கி வந்து பாறைய புரட்டி புரட்டி நண்டு தேடுறதை நாங்க இருபது நிமிஷம் பாத்தோம், படகு அது பாட்டுக்கு நகந்துட்டு இருந்துச்சு, கரடி ஒரு தடவ தலைய தூக்கிப் பாத்துட்டு அது வேலைய பாத்துச்சு.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்றேன், எஞ்சின். பழைய எஞ்சினை அப்படியே வச்சிருக்குற படகா இருந்தா அதுக்காகவே போகலாம். நிமிஷத்துக்கு முன்னூறு நானூறு சுத்து தான் சுத்தும், அழுத்தின காத்தை விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவாங்க, அப்புறம் ஒவ்வொரு மணிக்கும் ஒருத்தர் கீழ இறங்கி எண்ணெய் டப்பாவோட மேல ஆடிட்டு இருக்குற ஒவ்வொரு ராக்கர்லயும் ரெண்டு ரெண்டு சொட்டு விடுவாங்க. அந்த சத்தம் காதுல இரைச்சலா கேக்காது, படுத்தா முதுகுல நாடி அடிக்கிற மாதிரி இருக்கும். நாலாவது நாள் சத்தம் நின்னா தான் முழிப்பு வந்துச்சு எனக்கு.

டேவிட் பி-ன்னு ஒரு படகு இருக்கு, 1929ல கட்டினது, அலாஸ்காவோட பிரிஸ்டல் பே-ல பாய்மரப் படகுங்களை இழுத்துட்டுப் போற வேலைக்கு. அங்க 1951 வரைக்கும் மோட்டார் படகுல சால்மன் புடிக்கவே அனுமதி இல்ல, பாய் கட்டித்தான் புடிக்கணும், அதனால காலைல கொண்டு போய் விடவும் சாயங்காலம் இழுத்துட்டு வரவும் இந்த மாதிரி படகு தேவைப்பட்டுச்சு. மோட்டார் வந்ததும் வேலை போச்சு. கேட்டலிஸ்ட் 1932ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு கடல் ஆராய்ச்சிக்குன்னு கட்டினது. வேலை போன பல படகுங்க அங்கங்க கரைல கிடந்து மக்கியே போச்சு, பொழச்சது ஒண்ணு ரெண்டு தான். நீங்க கொடுக்குற காசுல பாதி அந்தப் படகு உயிரோட இருக்கத்தான் போகுது, எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

எண்டிகாட் ஆர்ம்னு ஒரு ஃபியோர்டு, அதாவது செங்குத்து மலைங்களுக்கு நடுவுல கடல் நீளமா உள்ள புகுந்த இடம், உங்க வழில வரும். அதுக்குள்ள ஒரு கிளை, பேரு ஃபோர்ட்ஸ் டெரர். 1889ல ஃபோர்டுன்னு ஒரு கடற்படை ஆளு தண்ணி அசையாம நின்ன நேரமா பாத்து துடுப்பு போட்டு உள்ள போயிட்டாரு, அப்புறம் டைடு (கடல் ஏத்த வத்தம்) திரும்பி, வாய் குறுகலா இருக்குறதால ஆறு மாதிரி சீறிட்டு ஓடுது, ஐஸ் கட்டிங்களோட ஆறு மணி நேரம் உள்ளயே மாட்டிக்கிட்டாரு. அந்தப் பக்கம் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல சில நாள் 20 அடிக்கு மேல வித்தியாசம் வரும், அதனால இன்னைக்கும் அதே கதைதான், தண்ணி நிக்கிற அந்த கொஞ்ச நேரத்துல தான் உள்ள போகணும். பெரிய கப்பல் அந்தப் பக்கமே எட்டிப் பாக்க முடியாது. எங்க கேப்டன் வாய்க்கு வெளிய எஞ்சினை மெதுவா வச்சுட்டு காத்துட்டு இருந்தாங்க. டைடு அட்டவணை கைல இருக்கு ஆனா அதை பாக்கல, தண்ணில மிதந்து வர்ற ஐஸ் துண்டுங்களையே பாத்துட்டு இருந்தாங்க. நீலமா ஒரு துண்டு, பக்கெட் சைஸ் தான் இருக்கும், வேகமா எங்கள பாத்து வந்துட்டு இருந்துச்சு, அப்புறம் மெதுவாச்சு, அப்புறம் அப்படியே நின்னு சும்மா ஒரு சுத்து சுத்துச்சு. "இப்ப"ன்னு சொல்லி உள்ள விட்டாங்க. அன்னைக்கு ராத்திரி உள்ள நங்கூரம் போட்டு நாங்க பத்து பேரும் அந்த சுவருங்களுக்கு நடுவுல தனியா இருந்தோம், அருவி சத்தம் மட்டும் தான்.

அம்மாவ கூட்டிட்டுப் போங்க.

மரக்கலம் 72:

நான் படகு மர வேலை கத்துக்கிட்டு சில வருஷம் வாஷிங்டன் மாநிலத்துல யார்டுல வேலை பாத்தவன். ஈரக்காலணி சொல்றது எல்லாம் சரி, ஆனா "போங்க"ன்னு அவ்ளோ சீக்கிரம் என்னால சொல்ல முடியல.

மொதல்ல, நூறு வருஷப் படகுன்னா எல்லாம் நூறு வருஷ மரம்னு நெனைக்காதீங்க. டக்ளஸ் ஃபர் பலகை, ஓக் விலா, எது கெட்டாலும் கழட்டிட்டு புதுசு போட்டுட்டே வந்திருப்பாங்க. ஐஸ் உரசுற உயரத்துல அயர்ன்பார்க்னு ஆஸ்திரேலியா யூகலிப்டஸ் மரத்தை மேலங்கி மாதிரி அடிச்சிருப்பாங்க, அது ஆணிய வளைக்கிற அளவுக்கு கெட்டி. பலகை இடுக்குல பஞ்சும் தார் சணலும் வச்சு உளியால அடிச்சு அடைப்பாங்க, தமிழ்ல அதுக்கு கலப்பத்துன்னு பழைய பேரு உண்டு. ஒழுங்கா அடிச்ச கலப்பத்து மேல சுத்தியல் பட்டா மணி மாதிரி கேக்கும், உள்ள மக்கியிருந்தா பொத்துனு கேக்கும். அந்த சத்தம் ஒரு தடவ கேட்டா மறக்காது.

கடல் தண்ணி மரத்தை அவ்ளோ சீக்கிரம் கெடுக்காது, உப்பு காளானை அண்ட விடாது. அதுக்காகவே விலா எலும்புங்களுக்கு நடுவுல கல்லுப்பைக் கொட்டி வச்ச பழைய படகுங்க உண்டு. எமன் மழைத்தண்ணி தான். நீங்க போற பக்கத்துல கெட்சிகன்ல வருஷத்துக்கு 150 அங்குலம் பக்கம் மழை பெய்யுது, டெக் இடுக்கு வழியா அது சொட்டு சொட்டா இறங்கி மூலைல தேங்கி உள்ள இருந்து தின்னும். அதனால படகுல ஏறினதும் மூக்கை நம்புங்க. தார், டீசல், காப்பி வாசம் எல்லாம் ஓகே. ஈர அட்டைப்பெட்டி மாதிரி வாசம் வந்தா கூரை ஓரத்தைப் பாருங்க, பெயிண்ட் கொப்புளம் இருக்கும்.

இப்ப முக்கியமானது. 6 பயணிகளுக்கு மேல ஏத்துற படகா இருந்தா அமெரிக்காவுல கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல் படை) சோதனை சர்டிஃபிகேட் கட்டாயம், உப்புத்தண்ணில ஓடுறதை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவயாவது தண்ணிய விட்டு வெளிய தூக்கி அடிப்பக்கம் காட்டியாகணும். நீங்க சொல்றது சரியா 6 பேர். அப்போ கேப்டனுக்கு லைசென்ஸ் வேணும், ஆனா படகுக்கு அந்த சர்டிஃபிகேட் கட்டாயம் இல்ல. சட்டமே அப்படித்தான், அதனால அவங்க ஏமாத்துறாங்கன்னு அர்த்தம் இல்ல, 6 பேர் படகுல தங்கம் மாதிரி வச்சிருக்குறதும் பாத்திருக்கேன். ஆனா அங்க உங்களுக்காக பாக்குற ஆள் வேற யாரும் இல்ல, நீங்க தான் கேக்கணும். கடைசியா எப்ப வெளிய தூக்கினீங்க, எந்தெந்த பலகை மாத்தினீங்க, படகை சோதிக்கிற தனி சர்வேயர் ரிப்போர்ட் இருக்கா, பில்ஜ் பம்ப் (படகு அடில சேர்ற தண்ணிய வெளிய தள்ளுறது) ஒரு நாளைக்கு எத்தன தடவ ஓடுது. நல்ல ஓனர்னா இந்தக் கேள்விக்கு கோவப்பட மாட்டாரு, நீங்க போதும்ங்கிற வரைக்கும் பேசுவாரு.

இன்னொண்ணு, தண்ணிய விட எனக்கு நெருப்பு தான் பயம். 2019 செப்டம்பர்ல கலிஃபோர்னியா பக்கம் ஒரு டைவிங் படகு விடியறதுக்கு முன்னாடி எரிஞ்சு கீழ படுத்திருந்த 34 பேரும் போயிட்டாங்க. ராத்திரி சுத்திப் பாக்குற காவல் ஆள் இல்ல. அதனால கீழ் கேபினுக்கு ரெண்டாவது வழி எங்க இருக்குன்னு கேளுங்க, மொத நாளே அம்மாவால அந்த வழியா ஏற முடியுதான்னு நிஜமாவே ஏறிப் பாக்க சொல்லுங்க. முடியலன்னா மேல் கேபின் கேளுங்க, காசு கூட ஆனாலும்.

தேவதாரு:

முழங்கால் விஷயம் மட்டும் நான் சொல்றேன், அப்பாவோட போய் பட்டதால. புக் பண்றப்ப போன்ல "படி ஈஸி தான்"னு சொன்னாங்க. போய் பாத்தா கேபினுக்கு இறங்குறது படியே இல்ல, ஏணி, கிட்டத்தட்ட செங்குத்து, பின்பக்கமா திரும்பி இறங்கணும். அப்பா அதை கூட சமாளிச்சுட்டாரு. பெரிய படகுல இருந்து ஸ்கிஃப்ல (கரைக்குக் கூட்டிட்டுப் போற சின்னப் படகு) இறங்குறது தான் முடியல, ரெண்டும் ஒரே நேரத்துல ஆடும், நடுவுல ஒரு கால் அந்தரத்துல. மூணு நாள் அவரு கரைக்கே வரல, ஜன்னல் ஓரமா உக்காந்து எங்களுக்கு கை ஆட்டிட்டு இருந்தாரு. அது இப்ப நெனைச்சாலும் எனக்கு தொண்டைய அடைக்குது.

அதனால வார்த்தைல கேக்காதீங்க, போட்டோ கேளுங்க, வீடியோ இருந்தா இன்னும் நல்லது. ஸ்கிஃப்ல ஏறுற இடம், கைப்பிடி இருக்கா, படி எத்தன இஞ்ச் உயரம். கரைலயும் ஜெட்டி எல்லாம் கிடையாது, வழுக்குற பாசிப் பாறைல கணுக்கால் தண்ணில இறங்கணும், தண்ணி வத்தியிருந்தா நடக்குற தூரமும் அதிகம். மடக்குற கைத்தடி ரெண்டு எடுத்துட்டுப் போங்க. முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் படகுலயே தருவாங்களான்னு கேளுங்க, அங்க எல்லாரும் போடுற அந்த பழுப்பு எக்ஸ்ட்ராடஃப் பூட்ஸ்.

அப்புறம் ஜூனோ தாண்டினா பெரும்பாலும் போன் சிக்னல் கிடையாது. உடம்புக்கு அவசரம்னா ரேடியோல கூப்பிட்டு சிட்கால இருந்து கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டர் வரணும், மேகம் கீழ இருந்தா அதுவும் லேட் ஆகும். மருந்தை ரெண்டு பைல பிரிச்சு வைங்க.

ஈரக்காலணி:

மரக்கலம், நெருப்பு விஷயம் எனக்குத் தோணவே இல்ல, நன்றி. ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன், மேல் கேபின் எல்லாருக்கும் சரி வராது, இந்தப் படகுங்க அடி உருண்டையா இருக்குறதால உருளும், உயரத்துல படுத்தா ஆட்டம் அதிகம். இன்சைட் பேசேஜ், அதாவது நீங்க போற இந்தக் கடல் வழி, முழுக்க தீவு மறைப்பு தான், ஆனா ஃப்ரெடெரிக் சவுண்டுல, ஸ்டீஃபன்ஸ் பேசேஜ்ல எதிர்காத்து அடிச்சா அரை நாள் ஆடத்தான் செய்யும்.

மரக்கலம் 72:

வாந்தி வந்தா அரை நாள்ல சரியாயிடும் ஈரக்காலணி. ஏற முடியாத ஏணிக்குக் கீழ முழங்கால் வலிக்காரங்கள படுக்க வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வடகாத்து, இன்னொண்ணு. எண்டிகாட் ஆர்முக்குப் பக்கத்து ஃபியோர்டு ட்ரேசி ஆர்ம், அது திட்டத்துல இருந்தா ராத்திரி எங்க நங்கூரம் போடுவாங்கன்னு கேளுங்க. 2025 ஆகஸ்ட் 10 அன்னைக்கு அங்க சவுத் சாயர் கிளேசியர் பக்கத்துல மலைச்சரிவு தண்ணில விழுந்து பெரிய அலை எழும்பிச்சு. கேப்டன் அதைப் பத்தி என்ன யோசிச்சு வச்சிருக்காங்கன்னு கேட்டாலே ஆளு எப்படின்னு தெரிஞ்சுடும்.

வடகாத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து போன் பண்ணேன். கேப்டனே எடுத்தாங்க. கடைசியா எப்ப வெளிய தூக்கினீங்கன்னு கேட்டதும் ஒரு நிமிஷம் அமைதி, கோவமோன்னு நெனைச்சேன், அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினாங்க. இந்தக் குளிர்காலம் முன்பக்கம் இடது பக்கத்துல 4 பலகை மாத்தினாங்களாம், சாயங்காலமே போட்டோ வந்துச்சு, பழைய பலகைய வெட்டின இடத்துல விலா எல்லாம் தெரியுது, பக்கத்துல அவங்க கை வச்சு காட்டுறாங்க. சர்வே ரிப்போர்ட்டும் வந்துடுச்சு. பம்ப் நாளைக்கு ரெண்டு தடவ, எஞ்சின் ஓடுறப்ப ஒருத்தர் எப்பவும் முழிச்சிருப்பாங்க, நங்கூரத்துலயும் ராத்திரி காவல் உண்டுன்னு சொன்னாங்க. ட்ரேசி ஆர்ம் போகல, எண்டிகாட் ஆர்ம் தான், டாஸ் கிளேசியர் வரைக்கும் பகல்ல போயிட்டு திரும்பிடுவோம், அந்த முகப்பு பக்கம் ராத்திரி நிக்க மாட்டேன்னாங்க.

கீழ் கேபினுக்கு ஏணி தான், செங்குத்து. மேல ஒண்ணே ஒண்ணு இருக்கு, வீல்ஹவுஸுக்கு (படகு ஓட்டுற அறை) பின்னாடி, சின்னது, ரெண்டு பங்க், அதை எங்களுக்கு எடுத்து வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க. ஸ்கிஃப் வீடியோ நாளைக்கு அனுப்புறாங்க. அம்மா இப்பவே வீட்டுப் படில பின்பக்கமா திரும்பி இறங்கி பழகிட்டு இருக்காங்க, நான் கீழ நின்னு புடிக்கிறேன். தேவதாரு, அப்பா காலுக்கு எந்த மாதிரி தடி வசதியா இருந்துச்சு?

தேவதாரு:

அடில அகலமான ரப்பர் வளையம் மாட்டுற தடி, முனை கூரா இருந்தா பாறை இடுக்குல மாட்டிக்கும். பிடி நுரை ரப்பரா பாத்து வாங்குங்க, மழைல ப்ளாஸ்டிக் வழுக்கும். கைல மாட்டுற வார் மட்டும் ஸ்கிஃப்ல ஏறுறப்ப கழட்டிடணும், ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும், தடிய நீங்க வாங்கிக்கங்க.