ஒன்ராறியோவில் பராலீகல் லைசென்ஸ்: ஆறு மாத ஒன்லைன் கோர்ஸ் போதுமா?

துளசி_மால்வேர்ன்

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் வீடு வாங்கல் விற்றல் பார்க்கும் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் முன்மேசையில் வேலை செய்கிறேன். வயது 41. யாழ் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்தேன், இங்கே வந்தபிறகு அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை. போன் எடுப்பது, வருகிற தமிழ் ஆட்களுக்கு மோர்ட்கேஜ் கடதாசிகளை விளங்கப்படுத்துவது, அடையாள அட்டைகளைப் பிரதி எடுப்பது, இவைதான் என் வேலை. சட்ட அலுவல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இப்படியே இருந்தால் பத்து வருடம் கழித்தும் இதே மேசைதான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு நிறுவனம் கதைத்தது. ஆறு மாதம், முழுவதும் ஒன்லைன், முடித்தால் 'சர்ட்டிஃபைட் பராலீகல்', சொந்தமாகக் கந்தோர் போடலாம் என்கிறார்கள். இந்தக் கிழமைக்குள் காசு கட்டினால் கழிவாம். கணவர் லோ கிளார்க் படி என்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கே வடிவாகத் தெரியாது. இந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பிராம்டன்_ராஜா

சகோதரி, பராலீகலை விட குடியேற்ற ஆலோசகர் லைசென்ஸ் எடுங்கள். நம்ம ஆட்களுக்கு விசா, ஸ்பான்சர், பி.ஆர். என்று எப்போதும் வேலை இருக்கும். குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு டிப்ளமா இருக்கிறது, ஆன்லைனிலேயே படிக்கலாம். என் மனைவி அதைத்தான் படிக்கிறாள். பராலீகல் எடுத்தாலும் இதே வேலையைச் செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள், அது சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ரிக்கற்_அக்கா

துளசி, முதலில் அந்த நிறுவனத்துக்குக் காசு கட்டாதீர்கள். கழிவு போனால் போகட்டும்.

நான் லைசென்ஸ் உள்ள பராலீகல். வாகன ரிக்கற்றும் (பொலிஸ் எழுதித் தருகிற தண்டச் சீட்டு) வாடகை வழக்கும்தான் என் பிழைப்பு, பெயரைப் பார்த்தாலே தெரியும். ஒன்ராறியோவில் சட்டத்தரணி அல்லாத ஒருவர் ஆட்களிடம் காசு வாங்கி அவர்களுக்காக வழக்குப் பேச வேண்டுமானால் லோ சொசைட்டி லைசென்ஸ் வேண்டும். 2007இல் இருந்து இதுதான் சட்டம். அதற்கு முன்பு பெயர்ப்பலகை மாட்டினவர் எல்லாம் பராலீகல்தான். இன்றைக்கும் சிலர் அந்தக் காலத்து நினைப்பிலேயே கோர்ஸ் விற்கிறார்கள். சட்டத்தரணிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற அதே சபை, ஒஸ்கூட் ஹோலில் இருப்பது, எங்களுக்கும் கொடுக்கிறது. எங்களுடையது பி1 என்ற வகை.

இணையத்தில் தேடினால் அமெரிக்கக் கதைதான் முதலில் வரும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அங்கே பராலீகல் என்றால் பெரும்பாலும் சட்டத்தரணிக்குக் கீழே வேலை செய்பவர். நாலா போன்ற சங்கங்கள் தரும் சான்றிதழ் விரும்பினால் எடுப்பது. இங்கே அப்படி இல்லை. யாருக்கும் கீழே இல்லாமல், உங்கள் பெயரில் கோப்புத் திறந்து, நீங்களே எழும்பி நின்று வாதாடுகிற தொழில் இது. 'சர்ட்டிஃபைட்' என்று போட்ட ஒரு கடதாசியை வைத்துக்கொண்டு லைசென்ஸ் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

வழி என்னவென்றால், லோ சொசைட்டி அங்கீகரித்த பராலீகல் படிப்பை முடிக்க வேண்டும். பட்டியல் அவர்களுடைய இணையத்தளத்தில் இருக்கிறது. விற்பனைக்காரர் அனுப்புகிற பிடிஎஃப்பைப் பார்க்காமல் நேரே அங்கே போய்ப் பாருங்கள். அந்த ஆறு மாத நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். செனெக்கா, ஹம்பர், டேர்ஹம் போன்ற அரச கல்லூரிகளில் இரண்டு வருட டிப்ளமா நடக்கும். பட்டம் உள்ளவர்களுக்குச் சில இடங்களில் சுருக்கிய ஒரு வருடப் படிப்பு உண்டு. உங்கள் யாழ்ப்பாணப் பட்டம் அதற்குத்தான் உதவும், சான்றிதழ் மதிப்பீடு செய்து வையுங்கள். கல்லூரிகள் இப்போது பல படிப்புகளை நிறுத்தியும் மாற்றியும் வைத்திருக்கின்றன, இந்த வருடம் ஆள் எடுக்கிறார்களா என்று போன் பண்ணிக் கேளுங்கள். அரச கல்லூரி என்றால் ஒசாப் என்கிற மாகாண மாணவர் உதவிக் கடனுக்கும் கேட்கலாம்.

படிப்புக்குள்ளேயே 120 மணி நேரக் களப்பயிற்சி வரும். சட்டத்தரணிகள் போல ஆர்ட்டிக்கிளிங், அதாவது படிப்பு முடிந்தபிறகு ஒரு சட்டத்தரணியிடம் செய்கிற தொழிற்பயிற்சி, எங்களுக்குக் கிடையாது. அப்புறம் லைசென்ஸ் பரீட்சை. எல்லாம் பல தெரிவு வினாக்கள். நான் எழுதிய காலத்தில் புத்தகம் திறந்து வைத்தே எழுதலாம். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம், பக்கம் புரட்ட நேரம் இராது. லோ சொசைட்டி தருகிற வாசிப்புக் கட்டை நீங்களே வாசித்து, எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று ஒரு அட்டவணை செய்ய வேண்டும். வேறொருவர் செய்த அட்டவணையைக் காசுக்கு வாங்கி வைத்திருந்த ஆட்கள் பரீட்சை மண்டபத்தில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். தொழில் ஒழுக்கக் கேள்விகளை லேசாக எடுக்காதீர்கள். சட்டம் மனப்பாடமாக வந்துவிடும், 'இந்த இடத்தில் பராலீகல் முதலில் என்ன செய்ய வேண்டும்' என்ற கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும்.

விண்ணப்பத்தில் நன்னடத்தை பற்றிக் கேட்பார்கள். பழைய வழக்கு, திவால் ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இருந்தது என்பதற்காக உடனே தள்ளிவிட மாட்டார்கள், விசாரணை நடத்தாமல் லைசென்சை மறுக்க முடியாது. மறைத்தது பிறகு தெரியவந்தால் அதுவே பெரிய குற்றமாகிவிடும்.

இனி முக்கியமான இடம். லைசென்ஸ் கிடைத்தால் என்ன செய்யலாம்? ரிக்கற் வழக்குகள். வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர் சபை. சிறு உரிமைக் கோரல் நீதிமன்றம், அங்கே 35,000 டொலராக இருந்த எல்லையை 2025 ஒக்ரோபரில் இருந்து 50,000 ஆக்கியிருக்கிறார்கள், எங்களுக்கு அது நல்ல செய்தி. வேலையிடக் காயம், மனித உரிமைத் தீர்ப்பாயம், கார் விபத்து நலன்களுக்கான தீர்ப்பாயம், குற்றவியலில் சுருக்க விசாரணைக்குரிய சில குற்றங்கள். சத்தியக்கடதாசிக்குச் சத்தியம் வாங்கி ஒப்பமிடும் அதிகாரமும் உண்டு.

என்ன செய்ய முடியாது என்பதைத்தான் நம்முடைய ஆட்கள் வந்து கேட்பார்கள். 'தங்கச்சி, ஒரு உயில் எழுதித் தாங்கோ.' முடியாது. 'வீடு குளோஸ் பண்ண வேண்டும்', அதாவது வாங்கின வீட்டைக் காசு கட்டிப் பெயர் மாற்றி முடிக்க வேண்டும். முடியாது. விவாகரத்து, பிள்ளைகளின் பராமரிப்பு, அதுவும் பி1 லைசென்சுக்குள் வராது. ராஜா தம்பிக்கும் பதில் இதுதான்: குடிவரவு, அகதிகள் சபையின் முன்னால் நாங்கள் ஆஜராகலாம், ஆனால் மனைவியை ஸ்பான்சர் பண்ணுகிற விண்ணப்பம் நிரப்புவது எங்கள் எல்லைக்குள் இல்லை. அதற்கு உங்கள் மனைவி படிக்கிற படிப்புத்தான் சரி. தெரிந்தவர்கள், சொந்தக்காரர், கோவிலில் காண்பவர்கள் என்று எல்லோருக்கும் 'இது என்னுடைய வேலை இல்லை, இன்ன ஆளிடம் போங்கள்' என்று சொல்ல வாய் வர வேண்டும். அது வராத ஆளுக்கு இந்த லைசென்ஸ் ஆபத்து.

சொந்தக் கந்தோர் பற்றியும் கேட்டீர்கள். போடலாம். தொழில் காப்புறுதி கட்டாயம். கட்சிக்காரர் முற்பணம் தந்தால் அதை உங்கள் காசோடு கலக்காமல் ட்ரஸ்ட் கணக்கில் போட வேண்டும். லோ சொசைட்டி வந்து கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும். வருடத்துக்கு 12 மணி நேரத் தொடர்கல்வி. முதல் வருடத்தில் வாடகை கொடுத்துக் கந்தோர் எடுக்கத் தேவையில்லை, விசாரணைகள் பாதிக்கு மேல் வீடியோவில்தான் நடக்கின்றன. இன்னொன்றும் யாரும் சொல்ல மாட்டார்கள்: நகரசபைகளில் ரிக்கற் வழக்கைத் தொடுக்கிற பக்கத்தில் நிற்பவர்களிலும் லைசென்ஸ் உள்ள பராலீகல்கள் இருக்கிறார்கள். சம்பள வேலை, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. எல்லோரும் சொந்தக் கந்தோர் கனவில் அதைப் பார்க்காமலே விடுகிறார்கள்.

நிலா_மார்க்கம்

லோ கிளார்க் பக்கம் நான் சொல்கிறேன். 14 வருடமாக அதுதான் வேலை. லைசென்ஸ் தேவையில்லை, சட்டத்தரணியின் மேற்பார்வையில் வேலை செய்வோம். துளசி இருப்பதே ரியல் எஸ்டேட் கந்தோர். டெராவியூ என்கிற ஒன்லைன் காணிப் பதிவு முறையில் பதிவு போடவும், குளோசிங் கணக்கு எழுதவும் அங்கேயே பழகலாம். ஒன்ராறியோ லோ கிளார்க்ஸ் சங்கத்தின் பாடங்கள் நான்கு: ரியல் எஸ்டேட், கம்பனிச் சட்டம், மரணச் சொத்து, வழக்காடல். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

உண்மையைச் சொன்னால், அக்கா சொன்ன மாதிரி எழும்பி நின்று பேச எனக்கு விருப்பமே இல்லை. எனக்குக் கடதாசி பிழையில்லாமல் இருந்தால் போதும். நீங்கள் எந்த ரகம் என்று பாருங்கள். உங்கள் கணவர் சொன்னதும் பிழையில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை குளோசிங் நாளில் மட்டும் வீட்டில் சமையல் யார் என்று இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

துளசி_மால்வேர்ன்

இரண்டு பேருக்கும் மிக நன்றி. பட்டியலைப் பார்த்தேன், அந்த நிறுவனத்தின் பெயர் இல்லை. கேட்டதற்கு 'விரைவில் வரும்' என்றார்கள்.

அக்கா, மூன்று கேள்வி. என் ஆங்கிலம் கந்தோருக்குப் போதும், நீதிமன்றத்தில் நின்று கதைக்கப் போதுமா தெரியவில்லை. களப்பயிற்சியை இப்போது இருக்கிற கந்தோரிலேயே செய்யலாமா? இன்னொன்று, எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி டோ ட்ரக் ஓடுகிறார். 'அக்கா நீங்கள் லைசென்ஸ் எடுங்கோ, விபத்துக் கேஸ் எல்லாம் நான் அனுப்புகிறேன், ஒரு கேசுக்கு இவ்வளவு என்று தந்தால் சரி' என்கிறார்.

ரிக்கற்_அக்கா

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு, கேஸ் அனுப்பியதற்காகக் காசு கொடுக்க விதி இடம் தராது. டோ ட்ரக் என்றாலும், பிசியோ கிளினிக் என்றாலும், உங்கள் மச்சான் என்றாலும் ஒன்றுதான். அந்தத் தம்பியிடம் தேத்தண்ணி குடியுங்கள், கேஸ் கதை வேண்டாம். விபத்து வேலையே தனிப் படிப்பு. சிறு காயம் என்ற வகைக்குள் போட்டுவிட்டால் சிகிச்சைக்கு 3,500 டொலர்தான் எல்லை, அதிலிருந்து கட்சிக்காரரை வெளியே எடுப்பதுதான் வழக்கின் பாதி. புதிதாக வருபவர் அங்கே தொடங்கத் தேவையில்லை.

களப்பயிற்சிக்கு உங்கள் இடத்தைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஏற்றுக்கொண்டாலும் நான் வேண்டாம் என்பேன். வீடு குளோசிங் பராலீகல் வேலையே இல்லை. வாடகை வழக்கு எடுக்கிற பராலீகலிடமோ சமூகச் சட்ட உதவி மையத்திலோ போய் இருங்கள். அங்கே ஒரு என்4 அறிவித்தலைக் கையால் நிரப்பிப் பாருங்கள். வாடகை கட்டாதவருக்கு உரிமையாளர் கொடுப்பது அது. தொகையைப் பிழையாகப் போட்டாலோ, வெளியேறும் திகதியைத் தவறாக எண்ணினாலோ, சபையில் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம். உரிமையாளர் மாதக்கணக்காகக் காத்திருந்து, திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். பேஸ்மென்ட் வாடகைக்கு விட்ட எங்கள் ஆட்கள் பலர் தாங்களே நிரப்பி இப்படித்தான் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். வாடகைக்காரர் பக்கம் நிற்கும்போதோ நான் முதலில் பார்ப்பதே அந்தத் திகதியைத்தான்.

ஆங்கிலம்: உச்சரிப்பு யாருக்கும் பிரச்சினை இல்லை. சபை உறுப்பினர் கேட்கிற கேள்விக்கு, அந்தக் கேள்விக்கு மட்டும், இரண்டு வரியில் பதில் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அது வராது. நீங்கள் மோர்ட்கேஜ் கடதாசியை ஆட்களுக்கு விளங்கப்படுத்துகிற ஆள், உங்களுக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன்.

நம்பிக்கை இல்லையென்றால், காசு கட்டுமுன் ஒரு நாள் லீவு எடுத்து ரிக்கற் நீதிமன்றத்தில் பின்வரிசையில் போய் இருங்கள். பொதுமக்கள் பார்க்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வாடகைச் சபை விசாரணையையும் முன்கூட்டிக் கேட்டால் பார்க்க விடுவார்கள். 'ஐயோ, இந்த ஆள் இதைச் சொல்லியிருக்கலாமே' என்று உங்களுக்கு வாய் துறுதுறுத்தால் கல்லூரிக்குப் போங்கள். தலையிடி வந்தால் நிலாவிடம் போங்கள்.

துளசி_மால்வேர்ன்

செவ்வாய்க்கிழமை லீவு கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு கல்லூரியில் தகவல் கூட்டமும் இருக்கிறது, பெயர் கொடுத்துவிட்டேன்.

ரிக்கற்_அக்கா

நல்லது. கூட்டத்தில் கட்டணத்தை எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இரண்டு விஷயம் கேளுங்கள். களப்பயிற்சி இடத்தைக் கல்லூரி தேடித் தருமா, மாணவரே தேட வேண்டுமா? போன தடவை படித்தவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் பரீட்சை எழுதினார்கள்? இரண்டாவதுக்கு மழுப்பினால் அடுத்த கல்லூரிக்கு போன் போடுங்கள்.