"பெரிய வீடு" குழுவில்: 16 போட்டால் 8 காட்டுகிறது

வெள்ளிக்கிழமை

சித்தப்பா (கரூர்): எல்லோருக்கும் வணக்கம். கடைக் கணினிக்கு நேற்று இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். பழையது 8, புதியது 8, ஆக 16. ஆனால் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அழைப்பிதழ் கோப்பைத் திறந்துவிட்டுப் போய் டீ குடித்து வந்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆவணி முகூர்த்த வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

சித்தப்பா (கரூர்): 📷 படம்

சித்தப்பா (கரூர்): பொருத்தியது 16.0 ஜிபி, பயன்படுவது 7.88 ஜிபி என்று போட்டிருக்கிறது. மீதி எட்டு எங்கே?

பெரியப்பா (திருச்சி): தம்பி, உன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள். பழைய சரக்கைப் புது உறையில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ரசீது இருக்கிறதல்லவா? இன்றே போய்க் கேள்.

அத்தை (மதுரை): அண்ணா, விடிந்ததும் அவனைச் சண்டைக்கு அனுப்பாதீர்கள். முதலில் விஷயம் தெரிந்தவர்கள் பேசட்டும்.

மாமா (மதுரை): மச்சான், உங்கள் விண்டோஸ் 32 பிட்டாக இருக்கும். எங்கள் அலுவலகத்தில் முன்பு 4 ஜிபி போட்டோம், 3.25 தான் காட்டியது. அப்படியே விட்டுவிட்டோம்.

நித்யா: மாமா சொல்வது நடக்கிற விஷயம்தான். 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜிபிக்கு மேல் முகவரி கிடையாது. அதிலும் கிராபிக்ஸ் முதலானவை தங்களுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உங்களுக்கு 3.25 வந்தது. ஆனால் சித்தப்பாவின் படத்தில் 7.88 இருக்கிறதே! நாலைத் தாண்டியாயிற்று, ஆகவே 64 பிட்தான்.

மாமா (மதுரை): அப்படியானால் விண்டோஸ் 7-ஆ? அதிலும் ஏதோ உச்சவரம்பு உண்டு என்று ஞாபகம்.

நித்யா: உண்டு மாமா, சரியாகவே நினைவு வைத்திருக்கிறீர்கள். விண்டோஸ் 7 ஹோம் பேசிக் என்று நம் நாட்டில் விற்றார்களே, அது 64 பிட்டாக இருந்தாலும் 8 ஜிபியோடு நின்றுவிடும். ஹோம் பிரீமியம் 16 வரை போகும். சித்தப்பா, உங்களிடம் இருப்பது எது?

சித்தப்பா (கரூர்): விண்டோஸ் 10 ஹோம். பத்தாம் தலைமுறை ஐ3.

நித்யா: அதற்கு 128 ஜிபி வரை இடம் உண்டு. அந்தக் கவலை இல்லை.

பிரபு: சித்தப்பா, யூடியூபில் இதற்கு வழி இருக்கிறது. எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் மேக்சிமம் மெமரி என்று ஒரு கட்டம் வரும். டிக் போட்டு 16384 என்று கொடுங்கள். முடிந்தது.

நித்யா: பிரபு, போதும். சித்தப்பா, அதைச் செய்யாதீர்கள். அது "இதற்கு மேல் எடுக்காதே" என்று விண்டோஸுக்குப் போடும் தடை. தடையைப் பெரிதாக்கினால் ரேம் பெருகாது. ஏற்கெனவே அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது ஒன்றுதான் அந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியது.

பிரபு: அந்த வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் அக்கா.

நித்யா: எத்தனை பேருக்குச் சரியாயிற்று என்று கீழே போட்டிருக்கிறார்களா?

சித்தப்பா (கரூர்): பார்த்துவிட்டேன். டிக் இல்லை.

நித்யா: நல்லது. இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி. கீழே ஹார்ட்வேர் ரிசர்வ்ட் என்பதற்கு எதிரே என்ன இருக்கிறது?

சித்தப்பா (கரூர்): 8.1 ஜிபி. ஸ்லாட் 2-இல் 2 பயன்பாட்டில் என்றும் இருக்கிறது.

பெரியப்பா (திருச்சி): ரிசர்வ்ட் என்றால் யாருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது? வி.ஐ.பி.க்கா?

நித்யா: 😄 பெரியப்பா, சாதாரணமாக அங்கே நூறு சொச்சம் எம்பிதான் இருக்கும், பெரும்பாலும் கிராபிக்ஸுக்காக. 8.1 என்றால் ஒரு ரேம் குச்சி முழுவதும் விண்டோஸின் கைக்கு வரவே இல்லை. அது விண்டோஸின் தவறா, அதற்கு முன்பே நடந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சித்தப்பா, ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரை வருவதற்கு முன்பே டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் வரும், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை நிரல். அங்கே மொத்த மெமரி எவ்வளவு என்று படம் எடுத்து அனுப்புங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

அத்தை (மதுரை): இடையில் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு யார் யார் வருகிறீர்கள்? சமையலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா (திருச்சி): நாங்கள் நால்வர்.

சித்தப்பா (கரூர்): 📷 படம்

சித்தப்பா (கரூர்): மொத்தம் 8192 எம்பி. ஆனால் அதன் கீழே முதல் ஸ்லாட்டில் 8192, இரண்டாவதில் 8192 என்று இரண்டையும் காட்டுகிறது. இது என்ன கூத்து?

நித்யா: இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பயாஸிலேயே 8 என்றால் விண்டோஸை நோண்டிப் பயனில்லை. ஃபார்மேட் செய்து திரும்பப் போட்டாலும் இதே 8 தான். பயாஸில் 16 வந்து விண்டோஸில் மட்டும் 8 என்றால்தான் அந்தப் பக்கம் தேட வேண்டும்.

சித்தப்பா (கரூர்): சரி, இரண்டு குச்சியையும் பெயர் சொல்லிக் காட்டுகிறதே, அது எப்படி?

நித்யா: ஒவ்வொரு ரேம் குச்சியிலும் மிளகளவுக்கு ஒரு தனிச் சில்லு உண்டு. நான் 8 ஜிபி, என் வேகம் இவ்வளவு, என்னைத் தயாரித்தவர் இன்னார் என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். பயாஸ் அதை வாசிப்பது மதர்போர்டில் தனியாக ஓடும் மெல்லிய தடம் வழியாக. தரவு போய்வருவது வேறு தடங்களில், நேராகப் பிராசசருக்கு. முதல் தடம் நன்றாக இருந்து இரண்டாவது அறுந்திருந்தால், பெயர் பட்டியலில் வந்துவிடும், இடம் கணக்கில் வராது.

அத்தை (மதுரை): பந்தியில் இலை போட்டாயிற்று, ஆள் வந்து உட்காரவில்லை. அவ்வளவுதானே?

நித்யா: அத்தை, அதேதான்!

பெரியப்பா (திருச்சி): அப்படியானால் புதுக் குச்சி கெட்டது. நான் முதலிலேயே சொன்னேன்.

மாமா (மதுரை): புதியது 3200, பழையது 2666 என்று படத்தில் தெரிகிறது. வேகம் ஒத்துப்போகாததால் இருக்குமோ?

நித்யா: இல்லை மாமா. இரண்டும் டிடிஆர்4 என்ற ஒரே வகை ரேம்தானே, குறைந்த வேகத்துக்கு இறங்கி இரண்டும் 2666-இல் ஓடும். பெரியப்பா, குச்சி கெட்டதா என்று ஊகிக்க வேண்டாம், மாற்றி மாற்றிப் போட்டே கண்டுபிடிக்கலாம். சித்தப்பா, மின்சாரத்தை நிறுத்தி வயரையே பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கியது போய்விடும். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். இரண்டு குச்சியையும் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் ஒட்டாமல் துடைத்துவிடுங்கள். முதலில் புதியதை மட்டும் முதல் ஸ்லாட்டில். கிளிப் சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். பாதி உட்கார்ந்தாலும் பார்வைக்கு முழுதாக உட்கார்ந்ததுபோலவே இருக்கும்.

பிரபு: உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாமா?

நித்யா: உன் கணினியில் தேய்த்துப் பார்.

மதியம்

சித்தப்பா (கரூர்): புதியது மட்டும், முதல் ஸ்லாட்டில்: கிளம்பியது, 8 காட்டியது. அதையே இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன்: திரை கறுப்பு, விசிறி மட்டும் சுற்றுகிறது. பழையதை இரண்டாவதில் போட்டாலும் அதே கறுப்பு. பழையது முதல் ஸ்லாட்டில் நன்றாக ஓடுகிறது.

நித்யா: ஆக, குச்சிகள் இரண்டும் நல்லவை. இரண்டாவது ஸ்லாட்டுக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. பெரியப்பா, கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

பெரியப்பா (திருச்சி): விலை அதிகமாக வாங்கியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நித்யா: சித்தப்பா, அண்மையில் யாராவது உள்ளே கை வைத்தார்களா? பிராசசர் விசிறியைக் கழற்றினார்களா?

சித்தப்பா (கரூர்): ஆடி மாதம் வேலை இல்லை என்று கடைப் பையன் தூசி தட்டினான். விசிறியைக் கழற்றிப் புதுப் பசை தடவி மாட்டினான். அதற்கும் ரேமுக்கும் என்னம்மா சம்பந்தம்?

நித்யா: நிறைய இருக்கிறது. ரேமை ஆளும் பகுதி இந்தக் காலத்தில் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் பிராசசர் 1200 சின்ன ஊசிகளின் மேல் படுத்திருக்கிறது. விசிறி ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால் சில ஊசிகள் சரியாகத் தொடாது. இரண்டாவது ஸ்லாட்டுக்கு உரிய ஊசி அவற்றில் ஒன்றாக இருந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். முன்பு ஒரே குச்சி, அதுவும் முதல் ஸ்லாட்டில், அதனால் வெளியே தெரியவில்லை. விசிறியின் நான்கு கால்களையும் பாருங்கள்.

சித்தப்பா (கரூர்): 📷 படம்

சித்தப்பா (கரூர்): இடது மேல் கால் தூக்கிக்கொண்டு நிற்கிறது!

நித்யா: நீங்கள் அழுத்த வேண்டாம். பழுது பார்ப்பவரை வரச் சொல்லுங்கள். விசிறியை எடுத்து, பிராசசரைத் தூக்கி, அடியில் ஊசி ஏதும் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்ததை நிமிர்த்துவது அனுபவப்பட்டவர் வேலை. திரும்ப மாட்டும்போது புதிதாகப் பசை தடவி, நான்கு கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும்.

சனிக்கிழமை

சித்தப்பா (கரூர்): வந்து பார்த்தார். ஊசி எதுவும் வளையவில்லை. எல்லாவற்றையும் துடைத்து மாட்டினார். பயாஸில் 16384! விண்டோஸில் 16.0, பயன்படுவது 15.9. அழைப்பிதழ் கோப்பு நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திறந்துவிட்டது. நித்யா, நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா.

பிரபு: 👏👏

பெரியப்பா (திருச்சி): மிச்சம் 0.1 யார் எடுத்துக்கொண்டார்?

நித்யா: அதுதான் நேற்று சொன்ன கிராபிக்ஸ் பங்கு, பெரியப்பா. அதைத் தேட வேண்டாம்.

அத்தை (மதுரை): நித்யா, என் லேப்டாப்பிலும் 8 என்று போட்டு, பயன்படுவது 5.9 என்கிறது. உன் மாமா நேற்றிலிருந்து அதைக் கழற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நித்யா: ஐயோ, வேண்டாம் அத்தை. உங்களுடையது ரைசன் பிராசசர்தானே? அதில் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லாததால் தயாரிக்கும்போதே 2 ஜிபியை ஒதுக்கிவிடுவார்கள். சில லேப்டாப்களில் பயாஸில் அதைக் குறைத்துக்கொள்ளலாம், சிலவற்றில் முடியாது. நாளை வளைகாப்புக்கு வரும்போது பார்க்கிறேன்.

அத்தை (மதுரை): சரி, ஸ்க்ரூ டிரைவரை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். நீ எத்தனை பேரோடு வருகிறாய் என்று இன்னும் சொல்லவில்லை.

நித்யா: மூன்று பேர் அத்தை.

மாமா (மதுரை): எந்தப் பானை?