மார்கழி கரண்ட் பில்: கீசரா, கேஸ் அடுப்பா, விறகா?

காட்பாடிவாசி:
ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள், இரண்டு மாதத்துக்கு 540 யூனிட். ஏசி ஓடவில்லை, ஆனால் ஐந்து பேரும் வெந்நீரில்தான் குளிக்கிறோம். இனி கீசரை மூடிவிட்டு கேஸ் அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சலாம் என்று இருக்கிறேன். வேலூரில் என்னய்யா குளிர் என்று சிரிப்பவர்கள், காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை ஒரு சொம்பு தலையில் ஊற்றிவிட்டு வந்து சிரிக்கவும்.

சத்துவாச்சாரி கணக்கர்:
நஷ்டம்தான் சார். 14.2 கிலோ சிலிண்டர் முழுவதையும் எரித்தாலும் அண்டாவுக்குள் போய்ச் சேரும் சூடு 100, 110 யூனிட் கரண்டுக்குச் சமம், மீதி பாத்திரத்தைச் சுற்றிக் காற்றோடு போய்விடும். சிலிண்டர் விற்கிற விலைக்கு யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் விழும். கரண்டில் 400 யூனிட் வரைக்கும் ஐந்து ரூபாய்கூட இல்லை, முதல் 100 இலவசம் வேறு.

காட்பாடிவாசி:
நான் 400-ல் இல்லையே, அதுதானே பிரச்சினை. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஒரே ஒரு யூனிட் கூடினதற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் தண்டம், அப்புறம் மேலே ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். இதற்கு உங்கள் கணக்கில் இடம் இருக்கிறதா?

சத்துவாச்சாரி கணக்கர்:
இருக்கிறது. 500-க்கு மேலே நிற்கும் அந்த நாற்பது யூனிட்டை மட்டும் அடுப்புக்கு மாற்றுங்கள், லாபம். மொத்தக் குளியலையும் மாற்றினால் 400-க்கும் 500-க்கும் நடுவிலுள்ள ஆறு ரூபாய் கரண்டை விட்டுவிட்டு எட்டு ரூபாய் கேஸை வாங்குகிறீர்கள். ஒரு பக்கெட், 15 லிட்டர், 22 டிகிரியிலிருந்து 40-க்குப் போக யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஐந்து பேருக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்குள் முடியவேண்டும். அதற்கு மேல் போனால் கீசரை 60-ல் வைத்து நாள் முழுக்க ஆன் செய்து விடுகிறீர்கள் என்று அர்த்தம்.

ஒடுகத்தூரான்:
தோட்டத்தில் காய்ந்த தென்னை மட்டை சும்மா கிடக்கிறது, பன்னாடையைப் பற்றவைத்து இரண்டு மட்டையைத் தள்ளினால் அரை மணியில் தவலை கொதிக்கும். நீங்கள் யூனிட்டை எண்ணிக்கொண்டே இருங்கள்.

பாகாயம் அக்கா:
அண்ணா, மட்டை உங்கள் தோட்டத்தில் கிடக்கிறது, இங்கே மூன்றாவது மாடியில் எங்கே அடுப்பு மூட்டுவது? என் மாமியாருக்கு மூச்சிரைப்பு, மார்கழிப் பனியோடு விறகுப் புகையும் சேர்ந்தால் மிச்சம் பிடித்த பணம் மருந்துக்குப் போகும்.

கொசப்பேட்டைத் தம்பி:
ஹீட்டர் ராடு வாங்குங்க அண்ணே, கீசரில் பாதி கரண்ட்தான்.

சத்துவாச்சாரி கணக்கர்:
பாதியும் இல்லை, கால்வாசியும் இல்லை தம்பி. தண்ணீர் கேட்கிற சூடு எதில் காய்ச்சினாலும் ஒன்றுதான். ராடில் பக்கெட் அளவோடு நிற்கும், கீசரில் தேவைக்கு மேல் காய்ந்து தொட்டியில் ஆறும், வித்தியாசம் அவ்வளவே. ஆனால் ராடு ஓடும்போது சூடு பார்க்க விரலை விடுகிற பழக்கம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் தொடவேண்டும்.

பாகாயம் அக்கா:
நம் ஊர் போர் உப்புத்தண்ணீரில் கீசர் காயிலில் சுண்ணாம்பு மாதிரி படிந்து கிடக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கழற்றியபோது காயிலே தெரியவில்லை, வெள்ளையாக ஓடு கட்டியிருந்தது. தண்ணீர் காய நேரமாகும், காயிலும் சீக்கிரம் எரிந்து போகும். இன்னொன்று, ஆழ்துளைத் தண்ணீர் விடியற்காலையிலும் வெதுவெதுப்பாகத்தான் ஏறும், ராத்திரி முழுக்கத் தொட்டியில் நின்ற தண்ணீர்தான் சில்லிடும். எப்படியும் மோட்டார் போடத்தானே போகிறீர்கள், அதைக் காலையில் போட்டுக் கீழ்க் குழாயிலேயே பிடித்தால் பாதிப் பேருக்கு வெந்நீரே வேண்டாம்.

காட்பாடிவாசி:
அக்கா, எங்கள் காம்பவுண்டில் மோட்டார் சாவி ஓனர் கையில். அவர் ஏழு மணிக்கு எழுந்திருப்பார், என் பெண்ணுக்கு ஸ்கூல் வேன் ஏழேகாலுக்கு.

ஒடுகத்தூரான்:
குளிர் குளிர் என்கிறீர்கள், ராத்திரி ஃபேன் ஓடுகிறதா இல்லையா?

காட்பாடிவாசி:
கொசுவுக்கு ஓடுகிறது. மூன்று ரூமிலும், போர்வைக்கு மேலே.

சத்துவாச்சாரி கணக்கர்:
பழைய ஃபேன் ஒன்று 75 வாட். மூன்று ஃபேன், ராத்திரி எட்டு மணி நேரம், இரண்டு மாதம்: நூறு யூனிட்டைத் தாண்டும். உங்கள் நாற்பது யூனிட் அங்கேதான் சுற்றுகிறது சார். கொசுவலை வாங்குங்கள்.