மாருதி 800 நீலப் புகை: ரிங் போச்சா, வால்வு சீலா? வீட்டில் எதுவரை பார்க்கலாம்?

நன்னிலத்துக்காரன்
வணக்கம். வண்டி 1998 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். வயலுக்கும் கடைத்தெருவுக்கும்தான் ஓடுகிறது, எப்போதாவது திருவாரூர். நம் பக்கம் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதில் ஏறும்போது மிதித்தால் பின்னால் நீலப் புகை கிளம்புகிறது. பிக்கப்பும் குறைந்துவிட்டது. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, ஆனாலும் டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்கிக்கொண்டே போகிறது. பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்காமல் "ஃபுல் இன்ஜின் வேலை" என்று சொல்லிவிட்டார்கள். டிராக்டருக்கு ஹெட் (இன்ஜினின் மேல் பகுதி) இறக்கிய பழக்கம் உண்டு, டார்க் ரெஞ்சும் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சம்பா_பட்டம்
20W-50 கெட்டி ஆயில் ஊற்றிப் பாருங்க. எங்க ஆம்னிக்கு அதுதான் ஓடுது. புகை பாதியாகும்.

பழைய_பட்டறை
கெட்டி ஆயில் புகையைக் குறைக்கும், தேய்மானத்தைக் குறைக்காது. வண்டியை விற்கப் போகிறவர் செய்கிற வேலை அது.

தம்பி, நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். ஆக்சிலேட்டரை விட்டு ஓடவிட்டு, திரும்ப மிதிக்கும்போது வந்தாலும் அதே சந்தேகம்தான். இழுவையில், மிதிக்க மிதிக்க வந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), போர் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளை) பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் மேம்பாலக் கதை ரிங், போர் பக்கத்தைச் சொல்கிறது. ஆனால் கதையை நம்பி ஹெட்டை இறக்கக் கூடாது. இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் ஆயில் மேலே தள்ளும், அதை முதலில் கழற்றி ஊதிப் பாருங்கள்.

அப்புறம் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்குங்கள், இரவல் கிடைத்தாலும் சரி. இன்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றிப் பார்ப்பது வீண், ஸ்டார்ட்டர் சரியான வேகத்தில் சுற்றாது. பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலுக்கு வரும் வயரைப் பிடுங்கிவிடுங்கள். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. ஒருவர் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கட்டும். முள் ஏறி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் எல்லா அளவும் பொய்.

அடுத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவையும் இங்கே போடுங்கள்.

நன்னிலத்துக்காரன்
பிரீதர் சுத்தமாக இருக்கிறது. அளவு இதோ. காய்ந்த நிலையில் 112, 108, 115 பிஎஸ்ஐ. ஆயில் விட்ட பிறகு 148, 142, 150. பிளக் மூன்றிலும் ஈரக் கரி.

பழைய_பட்டறை
அப்படியானால் சந்தேகமில்லை. இந்த இன்ஜின் 150-க்கு மேல் காட்ட வேண்டும். ஆயில் விட்டதும் அளவு ஏறியதால் கசிவு ரிங் வழியாகத்தான். வால்வு சரியாக உட்காராமல் இருந்திருந்தால் ஆயில் விட்டும் ஏறியிருக்காது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகட்டை) சந்தேகப்படலாம், அதுவும் இல்லை. மூன்றும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது.

அதுதான் எனக்கு உறுத்துகிறது. மூன்றும் சேர்ந்து தேய்ந்தால் ஒன்று வண்டி நிறைய ஓடியிருக்க வேண்டும், இல்லை காற்றோடு சேர்ந்து தூசி உள்ளே போயிருக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? வண்டி எங்கே நிற்கும்?

நன்னிலத்துக்காரன்
மீட்டரில் 74 ஆயிரம். மீட்டர் நின்றதே இல்லை. வண்டி நிற்பது களத்தை ஒட்டிய கொட்டகையில்.

மூணாறு_தலைப்பு
ஆயில் விளக்கு மினுக்குதா? கீழே இருந்து டொக் டொக் சத்தம்?

நன்னிலத்துக்காரன்
இரண்டும் இல்லை.

பழைய_பட்டறை
நல்லது, கீழே பேரிங் தப்பித்திருக்கிறது என்று நம்பலாம். ஹெட் இறக்கும் முன் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் உள்ள குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். 74 ஆயிரத்தில் இப்படித் தேயாது.

நன்னிலத்துக்காரன்
குழாயின் அடிப்பக்கம், கிளாம்புக்கு அருகில் எலி கடித்த ஓட்டை. சுண்டு விரல் நுழையும். மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. துணியில் வந்தது முழுக்கச் சுணையும் மண்ணும்.

பழைய_பட்டறை
ஃபில்டரை மாதாமாதம் மாற்றினாலும் பயனில்லை, ஓட்டை ஃபில்டரைத் தாண்டி இருக்கிறது. நெல் உமியில் சிலிக்கா அதிகம். அறுவடை மிஷின் ஓடும் களத்துப் பக்கம் நின்று அந்தத் தூசியை உறிஞ்சினால் போருக்கு உப்புத்தாள் போட்ட மாதிரிதான். இதைக் கவனிக்காமல் யாராவது ரிங் மாற்றித் தந்திருந்தால் புது ரிங்கும் இதே கதிக்குப் போயிருக்கும். குழாயை மாற்றுங்கள், டேப் சுற்ற வேண்டாம்.

சம்பா_பட்டம்
ரிங் சிக்கியிருக்கவும் வாய்ப்பு இருக்கே? ஓடாம நிக்கிற வண்டிக்கு பிளக் ஓட்டையில கியர் ஆயில் மாதிரி ஏதாவது விட்டு ஒரு ராத்திரி ஊறவைப்பாங்க.

பழைய_பட்டறை
ஊறவைப்பது நிற்கும் வண்டிக்கு. அதற்கும் கியர் ஆயில் விட மாட்டார்கள், ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கான ஏடிஎஃப் ஆயில்தான். இவர் வண்டி தினமும் ஓடுகிறது, உள்ளே மண்ணும் கிடைத்திருக்கிறது. திறக்கத்தான் வேண்டும்.

டைமிங் மார்க்கை (பெல்ட் சக்கரங்களை ஒத்து வைக்கும் குறியை) நேராக்கி, பெயின்ட் வைத்த பிறகு பெல்ட்டைக் கழற்றுங்கள். ஹெட்டை எடுத்ததும் போரின் மேல் விளிம்பை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் அங்கே படி விழுந்திருக்கிறது. அந்தப் படியோடு புது ரிங் போட்டால் மேல் ரிங் அதில் இடித்து உடையும்.

ஒரு பிஸ்டனை வெளியே எடுத்து, மேல் ரிங்கைக் கழற்றிப் போருக்குள் விடுங்கள், பிஸ்டனின் தலையால் தள்ளினால் நேராக உட்காரும். ரிங்கின் இரு முனைக்கும் நடுவில் உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) படிக்குக் கொஞ்சம் கீழே ஒரு முறை, போரின் அடியில் ரிங் போகாத இடத்தில் ஒரு முறை அளந்து, வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் போர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியும். இதற்குப் போர் கேஜ் தேவையில்லை.

நன்னிலத்துக்காரன்
நகம் தட்டுகிறது. மேலே 0.85 மி.மீ., அடியில் 0.40.

பழைய_பட்டறை
அப்படியென்றால் கிட்டத்தட்ட 0.14 மி.மீ. விரிந்திருக்கிறது. வெறும் ரிங் போட்டுத் தப்பிக்க முடியாது. பிளாக்கை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கும்பகோணமோ தஞ்சாவூரோ உங்கள் வசதி. ஓவர்சைஸ் (போரைப் பெரிதாக்கிப் போடும் பெரிய பிஸ்டன்) 0.25 மி.மீ.-லேயே சுத்தமாக வருமா, 0.50 போக வேண்டுமா என்பதை லேத்துக்காரர் அளந்து சொல்லட்டும். பிஸ்டனை வாங்கி அவர் கையில் கொடுத்த பிறகுதான் போரிங் போடச் சொல்ல வேண்டும், பிஸ்டனை அளந்துதான் போர். கடைசியில் கல்லால் தேய்த்துவிடும் ஹோனிங் கோடு குறுக்கும் மறுக்குமாகத் தெரிய வேண்டும். ஹெட்டையும் கொடுத்து வால்வு கிரைண்டிங், புது வால்வு சீல் இரண்டையும் முடித்துவிடுங்கள், கழற்றிய வேலை வீணாக வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் போரைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், அரைத்த தூள் கோட்டுக்குள்ளேயே தங்கிவிடும். சோப்பும் வெந்நீரும் போட்டு, வெள்ளைத் துணியில் கருமை வராத வரை தேய்க்க வேண்டும். துடைத்ததும் உடனே ஆயில் தடவுங்கள், நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரமே துரு பூத்துவிடும்.

மூணாறு_தலைப்பு
ஓட ஆரம்பிச்ச பிறகு 500 கிலோமீட்டர்ல முதல் ஆயிலை மாத்திடுங்க. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டவும் வேணாம், ஒரே வேகத்துல உருட்டவும் வேணாம்.

நன்னிலத்துக்காரன்
சரி. பிளாக்கை இறக்க அத்தான் வருகிறார். குழாய் வாங்கியாகிவிட்டது. லேத்தில் எந்த அளவு சொல்கிறார்கள் என்பதை இங்கேயே போடுகிறேன்.