தோட்டத்து சொந்தங்க குரூப்பு: செகண்ட் கியர் பஞ்சாயத்து

தினேஷ்: பாலு மாமா ஃப்ரீயாங்க? டர்ட் ரேஸுக்கு (மண்ணுல ஓட்டற ரேஸ்) மாத்துன பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒண்ணு எடுத்தேன்ல, செகண்ட் போட்டு மேட்டுல முறுக்குனா டக்குனு கியர் விட்டுருது, இன்ஜின் மட்டும் கத்துது, அப்புறம் கியர் தானே விழுந்து வண்டியே தூக்கிப் போடுதுங்க

ரமேஷ் சித்தப்பா: கிளட்ச் பிளேட் கண்ணு. மாத்தீரு

பாலு மாமா: மச்சான் இருங்க. கிளட்ச் வழுக்குனா சத்தம் ஏறும், வண்டி இழுக்காது. இப்படி விட்டு விட்டு அடிக்காது

பாலு மாமா: மாப்ள, எல்லா கியருமா செகண்ட் மட்டுமா

தினேஷ்: செகண்ட் மட்டுந்தானுங்க. இங்க ஒரு மெக்கானிக் கியர் செட்டே மொத்தமா மாத்தோணும்ங்கறார்

பாலு மாமா: பிரிக்காமயே எப்படிடா சொன்னாரு 😂 எல்லா கியரும் எகிறுனா கியர மாத்தி நிறுத்தற ஷிஃப்ட் டிரம், ஸ்டாப்பர் ஸ்ப்ரிங் பக்கம் சந்தேகப்படலாம், ஒரே கியர் அதுவும் லோடுல மட்டும்னா அந்த கியரும் அதோட மாட்டற கியரும் சேந்த ஜோடிதான்

அம்மா: அண்ணா அந்த வண்டி போர்டிகோல எண்ணெயா சொட்டுது. கோலம் போட முடியல

பாலு மாமா: எந்தப் பக்கம் அம்மிணி?

அம்மா: செயின் பக்கம்

பாலு மாமா: அது ஸ்ப்ராக்கெட் பின்னாடி ஆயில் சீல், சின்ன வேலை. சொட்டாம ஆயில் கொறஞ்சாத்தான் பயம். கிளட்ச் பக்கம் கிராங்க் சீல் போச்சுன்னா இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையா தள்ளீரும், ஜனங்க பெட்ரோலோட கலக்கற டூ டி ஆயில் அதிகமாயிருச்சுன்னு கார்புரேட்டரை நோண்டீட்டே இருப்பாங்க

தினேஷ்: புகை நார்மல்தானுங்க

பாலு மாமா: சரி. வண்டிய ஆஃப் பண்ணி பின் வீல தூக்கி வெச்சு கையில சுத்தீட்டே நாலு கியரும் போடு. ஆஃப்ல நல்லா விழுந்து ஓட்டத்துல மட்டும் கறகறன்னா கிளட்ச் முழுசா விடல, கிளட்ச் கேபிள் எவ்வளவு தளர்வா இருக்குன்னு பாரு

தினேஷ்: நாலும் வெண்ணெயா விழுது மாமா

பாலு மாமா: அப்ப கொஞ்சம் ஓட்டி சூடாக்கி கியர் ஆயில வெள்ளத் தட்டுல எறக்கு. போட்டோ போடு

தினேஷ்: [போட்டோ]

சௌமி: அய்ய. சாம்பல் கலர்ல என்னது

பாலு மாமா: அந்த கஞ்சி பரவால்ல, பழைய கியர்பாக்ஸ்ல வர்ற தேய்மானம்தான். ஓரத்துல நொய்யரிசி மாதிரி மினுங்குது பாரு, அதான் வில்லன்

சௌமி: பல் உடைஞ்சிருச்சா?

பாலு மாமா: பல்லா இருந்தா ஓட்டத்துல டக்டக்னு சீரா சத்தம் வரும். இது டாக், அதாவது கியரோட பக்கவாட்டுல நீட்டீட்டு இருக்கற கொம்பு. இந்த கியர்பாக்ஸ்ல பல்லு எல்லாம் எப்பவும் ஒண்ணோட ஒண்ணு கோத்துட்டேதான் சுத்தும், நீ கியர் போடறப்ப உள்ள இருக்கற ஷிஃப்ட் ஃபோர்க் ஒரு கியர பக்கவாட்டுல தள்ளும், அதோட கொம்பு அடுத்த கியரோட குழிக்குள்ள போய் மாட்டும். அந்த கொம்பு லேசா உள்சாய்வா இருக்கும், அதனால முறுக்க முறுக்க ரெண்டும் ஒண்ணை ஒண்ணு உள்ள இழுக்கும். முனை மழுங்குச்சுன்னா அதே லோடு வெளிய தள்ளும். அதான் பிளாட்ல கம்முனு போய் மேட்டுல எகிறுது. டர்ட்ல கிளட்ச் புடிக்காம செகண்ட உதைச்சு உதைச்சு ஓட்டியிருப்பாங்க

ரமேஷ் சித்தப்பா: அப்ப வெல்டிங் வெச்சு டாக்க ஏத்தீரலாம்ல

பாலு மாமா: மச்சான் உங்க ஐடியாவுக்கு தனி குரூப் ஆரம்பிங்க 🙏 சூட்டுல பல்லு ஹார்ட்னெஸ் போயிரும்

சௌமி: 1996லயே தயாரிப்பு நின்ன வண்டி, ஸ்பேர் கெடைக்குமா மாமா?

பாலு மாமா: கெடைக்கும், டூப்ளிகேட்டும் சேந்து கெடைக்கும். பல் ஓரத்துல சின்ன அரம் போட்டுப் பாரு, வழுக்குனா கெட்டி இரும்பு, வாங்கு, கடிச்சா வெச்சுட்டு வா. டாக் இருக்கற கியர், குழி இருக்கற கியர் ரெண்டும் ஜோடியா வேணும், ஒண்ணு மட்டும் புதுசு போட்டா பழசு அதையும் தின்னுரும். ஃபோர்க் முனை தேஞ்சோ சூட்டுல நீலம் பாஞ்சோ இருந்தா அதுவும். அந்த மூணு போதும், முழு செட் எதுக்கு

தினேஷ்: சரிங்க மாமா. நானே பிரிச்சு வெக்கட்டுங்களா

பாலு மாமா: தொடாத. மேக்னெட்ட கழட்ட புல்லர்ங்கற டூல் வேணும், இன்ஜின் கேஸ ஸ்க்ரூட்ரைவர் விட்டு நெம்புனா ரெண்டு பாதியும் ஒட்டற முகம் போயிரும், அப்புறம் ஜென்மத்துக்கும் லீக்குதான். ஞாயித்துக்கெழம பட்டறைக்கு எடுத்தா. ஓட்டீட்டு வராத, வேற வண்டில ஏத்தீட்டு வா

அம்மா: அப்படியே அங்கயே வெச்சுக்கோங்கண்ணா