ரயில் நிலையப் பலகையில் கடல் மட்ட உயரம்: யாருக்காக?

வழிப்போக்கன்:
ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று சிறிய எழுத்தில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது ஓட்டுநருக்காகவாம். அடுத்த ஊர் மேட்டில் இருந்தால் எஞ்சினுக்கு எவ்வளவு விசை கொடுப்பது, பள்ளத்தில் இருந்தால் எங்கே பிரேக் பிடிப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். வாட்ஸ்அப்பில் வந்தது. இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

கணக்கன்:
இந்தச் செய்தி வருடா வருடம் திவசம்போல் தவறாமல் வருகிறது. நீலகிரி மலை ரயிலை வைத்தே பார்ப்போம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், உதகமண்டலம் 2203 மீட்டர், நடுவில் 46 கிலோமீட்டர் பாதை. வகுத்தால் 24.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் வரும். ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் இடங்கள் உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுவது அதனால்தான். பலகையை நம்பிப் போகிறவர் பாதி ஏற்றத்துக்குத்தான் தயாராக இருப்பார்.

வழிப்போக்கன்:
இரண்டு கோடியை மட்டும் எடுத்து வகுத்தால் அப்படித்தான் வரும். நடுவில் ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நிலையங்கள் இல்லையா? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாமே. பயன் இல்லாமலா அரசாங்கம் பெயின்ட்டுக்குச் செலவு செய்யும்?

கணக்கன்:
கடைசி வரியைச் சிரிக்காமல் எழுதினீர்களா?

பழைய கார்டு:
தம்பிகளா, சண்டை வேண்டாம். நான் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு நிலையங்களுக்கு நடுவே பாதை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பலகைக்கு அது தெரியாது. அதற்காகவே தண்டவாள ஓரத்தில் சரிவுக் கம்பம் நிற்கிறது. குட்டையான கம்பம், இரண்டு கைகள். ஒரு கை 150 என்று ஏற்றம் காட்டினால், அந்தப் பக்கம் 150 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். சமதளம் என்றால் 'எல்' என்ற ஆங்கில எழுத்து. சரிவு மாறும் இடத்திலேயே அதை நட்டிருப்பார்கள்.

அதைக்கூடப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதில்லை. ஒரு பாதையில் தனியாக வண்டி எடுக்கும் முன் பகலிலும் இரவிலும் போய்ப் பழகியாக வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே வளைவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நிற்காமல் கடக்கும் நிலையத்தில், மழை இருட்டில், அந்தப் பொடி எழுத்தைப் படித்துக் கழித்தல் கணக்குப் போடுவாரா, சிக்னலைப் பார்ப்பாரா?

வண்டி ஓட்டத்துக்கு உண்மையிலேயே உதவும் அடையாளம் வேண்டுமானால் கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் பெரிய பெருக்கல் குறியைப் பாருங்கள். அது கடந்து போனால்தான் வண்டி முழுதாக வந்தது, வழியில் பெட்டி எதுவும் கழன்று நின்றுவிடவில்லை என்று பொருள். அதைக் கண்ட பிறகே பின்னால் வரும் வண்டிக்கு வழி கொடுப்போம். இரவில் சிவப்பு விளக்கு. இப்போது பல இடங்களில் சக்கர அச்சுகளை எண்ணி வண்டி முழுதாக வந்ததா என்று பார்க்கும் கருவி வந்துவிட்டது. குறி மட்டும் போகவில்லை.

நெய்தல்:
எந்தக் கடலின் மட்டம் என்று யாருமே கேட்கவில்லையே! 1909-இல் முடிவான கணக்குப்படி, கராச்சியிலிருந்து ஒடிசாக் கரைவரை ஒன்பது இடங்களில் கடல் ஏறி இறங்குவதை அளந்து எடுத்த சராசரிதான் நமக்குச் சுழியம். சென்னையும் நாகப்பட்டினமும் அந்த ஒன்பதில் உண்டு. வடக்கே எங்கோ ஒரு மலையின் உயரத்தை அளந்தாலும் அதில் நாகப்பட்டினத்துத் தண்ணீருக்குப் பங்கு இருக்கிறது. எனக்கு இது போதும். ஓட்டுநருக்குப் பயன்பட்டால் என்ன, படாவிட்டால் என்ன?

பாதை போடுகிறவர்கள் இடத்துக்கு இடம் மட்டம் எடுத்தாக வேண்டும். அந்த எண் அப்படியே பலகையிலும் ஏறியிருக்கும் என்பது என் ஊகம்.

வழிப்போக்கன்:
பார்த்தீர்களா, பாதை போட்டவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. பயன் உண்டு என்றுதானே நானும் சொன்னேன்?

கணக்கன்:
ஓட்டுநருக்கு என்று சொன்னீர்கள். மேலே அப்படியே இருக்கிறது.

வழிப்போக்கன்:
ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். கார்டு ஐயா, அந்தப் பெருக்கல் குறியைப் பற்றியும் எனக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. அனுப்பட்டுமா?

பழைய கார்டு:
வேண்டாம், தம்பி.